கயிற்றின் இன்னொரு முனை



இந்த மாதம் நாயைப் பற்றிப் பேசப் போகிறேன். சமயப் பக்கத்தில் நாய்க்கு என்ன வேலை என்று சிரிக்க வேண்டாம். நம் சமயத்தில் நாய்க்கு நல்ல இடம் இருக்கிறது. வைரவருக்கு அதுதான் வாகனம். தத்தாத்ரேயர் படத்தில் காலடியில் நான்கு நாய்கள் நிற்கும். அவை நான்கு வேதங்கள் என்பார்கள். இறைவன் முன்னால் தன்னைத் தாழ்த்திக்கொள்ள மாணிக்கவாசகர் அடிக்கடி எடுத்துக்கொண்ட பெயரும் நாய்தான். மகாபாரதத்தைத் திறந்தால் தொடக்கத்திலேயே ஒரு நாய்க்குட்டி அழுதுகொண்டு வருகிறது. முடிவில் இன்னொரு நாய் தருமரோடு இமயமலை ஏறுகிறது.

இப்போது நம்ம தாமானுக்கு வருவோம். சாயங்காலம் ஆறு, ஆறரை மணி. ஒரு வீட்டு கேட் திறக்கிறது. நாய் பாய்ந்து வெளியே ஓடுகிறது. கேட் மூடிக்கொள்கிறது. யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கும். "பாவம், நாள் முழுக்க உள்ளேயே கிடக்குது, கொஞ்சம் சுத்திட்டு வரட்டும்." எதிர் வீட்டு ஆன்ட்டி பயந்து ஒதுங்கினால் அதற்கும் ஒரு பதில் உண்டு. "கடிக்காது லா ஆன்ட்டி, சும்மா போங்க!"

இப்படிச் சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. நாய் மேல் உண்மையான பிரியம் உள்ளவர்கள்தான். அடைத்து வைத்தால் பாவம், அவிழ்த்து விட்டால் புண்ணியம் என்று மனதார நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைத்தான் நம் நூல்களை வைத்துக்கொண்டு கொஞ்சம் சோதித்துப் பார்க்க வேண்டும்.

தருமர் விடாத நாய்

பாண்டவர் ஐவரும் திரௌபதியும் அரசைத் துறந்து வடக்கே நடக்கிறார்கள். ஊரிலிருந்தே ஒரு நாய் கூட வருகிறது. வழியில் திரௌபதி விழுகிறாள். பிறகு சகாதேவன், நகுலன், அர்ச்சுனன், பீமன் என்று ஒவ்வொருவராக விழுகிறார்கள். கடைசியில் மிஞ்சியது தருமரும் நாயும். இந்திரன் தேரோடு வந்து, "ஏறு, நாயை விட்டுவிடு" என்கிறான். தருமர் மறுக்கிறார். நம்பி வந்ததைக் கைவிட்டுவிட்டுக் கிடைக்கும் சொர்க்கம் வேண்டாம் என்கிறார். அப்போதுதான் நாயாக வந்தது தரும தேவதை என்று தெரிகிறது.

இந்தக் கதையை சமய வகுப்பில் சொன்னபோது ஒரு பையன் கை தூக்கினான். "அண்ணா, தருமர் கயிறு போட்டுக் கட்டலையே? நாய் சும்மாதானே கூட வந்துச்சு?"

நல்ல கேள்வி. தருமர் கையில் கயிறு இருந்ததாக வியாசர் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்திரன் வந்து நின்றபோது, "நாய் எங்கே போச்சு, இங்கதானே இருந்தது" என்று தருமர் தேட வேண்டியிருக்கவில்லை. அது அவர் பக்கத்திலேயே இருந்தது. அவரும் அதன் பக்கத்தில் இருந்தார். நம்ம வீட்டு நாய் இந்த நிமிடம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் எத்தனை பேரால் சொல்ல முடியும்? எந்தச் சாலையில், யார் வீட்டுக் குப்பைப் பையைக் கிழித்துக்கொண்டு, எந்த லாரி டயருக்கு எத்தனை அடி தள்ளி நிற்கிறது?

தமிழில் கைவிடுவது என்று ஒரு சொல் இருக்கிறது, அவிழ்த்து விடுவது என்றும் ஒன்று இருக்கிறது. நாயைக் கொண்டுபோய் எங்காவது இறக்கிவிட்டு வந்தால் அது கைவிடுவது, எல்லாரும் திட்டுவோம். தினமும் ஒரு மணி நேரம் அது எங்கே என்றே தெரியாமல் விட்டால் அதற்கு என்ன பெயர்? அந்த ஒரு மணி நேரத்துக்கு அது கைவிடப்பட்ட நாய்தான். இரவு திரும்பி வந்துவிடுகிறது என்பதால் நமக்கு அப்படித் தோன்றுவதில்லை.

தோட்டம் வேறு, தாமான் வேறு

வீட்டில் பெரியவர்களிடம் பேசிப் பாருங்கள். "நாங்க தோட்டத்துல இருந்தப்போ நாயை யாரு கட்டி வச்சா?" என்பார்கள். அது உண்மை. லயத்தில் நாய்கள் அவிழ்ந்தேதான் கிடந்தன. விடியுமுன் பெரட்டுக்குப் போகும்போது கூடவே வந்தன. பால் மரம் சீவும்போது பாம்பைக் கண்டு குரைத்தன. லயத்தில் எல்லாருக்கும் எல்லா நாயையும் தெரியும், எல்லா நாய்க்கும் எல்லாரையும் தெரியும். வாகனம் என்று பார்த்தால் மானேஜர் காரும் லாரியும்தான்.

தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்தபோது அந்தப் பழக்கமும் நம்மோடு வந்துவிட்டது. இடம் மட்டும் மாறிவிட்டது. ஒரு வரிசையில் முப்பது வீடு. பக்கத்து வீட்டுக்காரர் பெயரே சில பேருக்குத் தெரியாது. ஃபூட் டெலிவரி ரைடர் ஒரு சாயங்காலத்தில் பத்துத் தடவை வந்து போகிறார்.

நான் எஞ்சினியரிங் படிக்கிறவன், அதனால் ஒரு சின்னக் கணக்கு. தாமான் சாலையில் மோட்டார் 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 11 மீட்டர் ஓடும். திடீரென்று நாய் குறுக்கே பாய்கிறது. கண் பார்த்து, மூளை புரிந்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் பிடிக்கும் முன்னாலேயே வண்டி 16, 17 மீட்டர் போய்விடும். வரிசை வீடு ஒன்றின் அகலம் 20 அடி என்றால் கிட்டத்தட்ட மூன்று வீட்டு வாசல். பிரேக் வேலை செய்யத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். மழை பெய்து சாலை நனைந்திருந்தால் சொல்லவே வேண்டாம். விழுகிறவர் யார் வீட்டுப் பிள்ளையோ, பார்ட் டைம் வேலை பார்த்து காலேஜ் ஃபீஸ் கட்டுகிறவரோ.

மனுநீதிச் சோழன் கதை நமக்கெல்லாம் தெரியும். பெரியபுராணம் அதைத் திருவாரூர்ச் சிறப்பில் சொல்கிறது. இளவரசன் வேண்டுமென்றே கன்றைக் கொல்லவில்லை. தேர் போன வழியில் அது பாய்ந்து வந்தது. பரிகாரம் செய்தால் போதும் என்று அமைச்சர்கள் சொன்னார்கள். அரசன் ஒத்துக்கொள்ளவில்லை. "தெரியாமல் நடந்தது" என்ற சொல், கன்றை இழந்த பசுவுக்குப் பதில் ஆகாது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. நம்ம தெருவில் தேர் ஓட்டுகிறவர் ரைடர், குறுக்கே போவது நம்ம நாய். அங்கே கன்றை யாரும் வேண்டுமென்று தெருவுக்கு அனுப்பவில்லை. இங்கே கேட்டைத் திறந்துவிட்டது நம்ம கை.

சரமை கேட்ட முதல் கேள்வி

மகாபாரதத்தின் தொடக்கத்தில் அழுதுகொண்டு வரும் நாய்க்குட்டியின் கதையைப் பார்ப்போம். ஜனமேஜயன் குருக்ஷேத்திரத்தில் வேள்வி நடத்துகிறான். அங்கே ஒரு நாய்க்குட்டி வருகிறது. அவனுடைய தம்பிகள் அதை அடித்து விரட்டுகிறார்கள். குட்டி தன் தாயிடம் ஓடுகிறது. தாய் யார் தெரியுமா? தேவலோகத்து நாய் சரமை.

சரமை உடனே சண்டைக்குப் போகவில்லை. முதலில் தன் குட்டியிடம்தான் கேட்கிறாள். நீ அங்கே ஏதோ தப்பு செய்திருப்பாய், அதனால்தான் அடித்திருப்பார்கள் என்கிறாள். குட்டி, நான் நிவேதனப் பொருளைப் பார்க்கவும் இல்லை, நக்கவும் இல்லை என்கிறது. அதன்பிறகுதான் சரமை வேள்விச் சாலைக்குப் போய் நியாயம் கேட்கிறாள். அவர்களிடம் பதில் இல்லை. தப்பு செய்யாத குட்டியை அடித்ததால், நினைக்காத நேரத்தில் உங்களுக்குப் பயம் வந்து சேரும் என்று சபித்துவிட்டுப் போகிறாள்.

இதில் இரண்டு பக்கத்துக்கும் பாடம் இருக்கிறது. தெருவில் திரியும் நாயைக் கல்லால் அடிப்பவன், சுடுதண்ணீர் ஊற்றுபவன், விஷம் வைப்பவன் சரமையின் சாபத்துக்கு ஆளாகிறான். இதில் சந்தேகமே வேண்டாம். நம் நாட்டில் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் அதைக் குற்றம் என்கிறது. நாய் வளர்க்கிறவனுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. புகார் வந்தால் "என் நாய் அப்படிச் செய்யாது" என்பதுதான் நம்ம முதல் வார்த்தை. சரமை ஒரு நாய். அவளே முதலில் தன் குட்டியைத்தான் விசாரித்தாள். கூட இருந்து பார்த்தவனுக்குத்தான் "என் நாய் செய்யாது" என்று சொல்லும் உரிமை உண்டு. கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போய் டிவி பார்த்தவனுக்கு அது எப்படித் தெரியும்?

எங்கள் கண்ட்ரோல் சிஸ்டம் பாடத்தில் ஓப்பன் லூப் என்று ஒன்று வரும். ஒரு இயந்திரத்துக்கு உத்தரவு கொடுத்துவிட்டு, அது என்ன செய்தது என்று திரும்பிப் பார்க்கவே மாட்டோம். நாயை அவிழ்த்து விடுவதும் அப்படித்தான். அது யாரைத் துரத்தியது, என்ன தின்றது, எந்த நாயோடு சண்டை போட்டது, ஒன்றுமே நமக்குத் திரும்பி வராது. அடிபட்டால் மட்டும் நொண்டிக்கொண்டு வரும்.

"கட்டு என்றாலே கொடுமைதானே?"

சமயம் படித்த பிள்ளைகள் இன்னொரு கேள்வி கேட்பார்கள். பதி, பசு, பாசம் என்று சொல்லித் தருகிறோம். பாசம் என்றால் கயிறு. அந்தக் கயிறு நீங்க வேண்டும் என்பதுதானே சித்தாந்தம்? அப்படியானால் ஒரு ஜீவனைக் கட்டி வைப்பது எப்படிச் சரி?

இறைவனுக்கு ஐந்தொழில் சொல்கிறோம்: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். இதில் நான்காவதை யோசித்துப் பாருங்கள். அருளே வடிவான இறைவன் ஏன் மறைக்க வேண்டும்? உயிர் பக்குவப்படும் வரை அதை உலக அனுபவத்தில் வைத்து வளர்க்கிறான். அதனால்தான் மறைத்தலையும் பெரியவர்கள் அருளின் கணக்கிலேயே சேர்த்தார்கள். மாயையைக்கூட, விடியும் வரைக்கும் உதவும் விளக்கு என்றுதான் சொல்லித் தருவார்கள். பக்குவம் வராத உயிரைக் கட்டறுத்துத் தெருவில் விடுவதை நம் சமயம் விடுதலை என்று சொல்லவில்லை.

இறைவனுக்கும் உயிருக்கும் உள்ள உறவை நமக்கும் நாய்க்கும் அப்படியே பொருத்த முடியாது. நாமும் கயிற்றில் கட்டுண்டவர்கள்தான். ஆனால் இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. கட்டு கொடுமையா அருளா என்பது, மறுமுனையில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. கயிற்றின் ஒரு முனையைத் தூணில் கட்டிவிட்டு நாள் முழுக்கத் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் அது கொடுமை. வெயிலில், தண்ணீர் இல்லாமல், இரண்டடிச் சங்கிலியில் கிடக்கும் நாய்க்கு நான் இங்கே வக்காலத்து வாங்கவில்லை. அதே கயிற்றின் முனை நம்ம கையில் இருந்து, நாமும் கூட நடந்தால் அது வேறு. அப்போது கட்டு இரண்டு பேருக்கும்தான். சுற்றிவர நாய்க்கு எவ்வளவு நேரமோ, அவ்வளவு நேரம் நமக்கும் போகும்.

உண்மையைச் சொன்னால், அவிழ்த்து விடுவதற்குப் பின்னால் இருப்பது பல நேரம் நாயின் சுதந்திரம் இல்லை, நம்ம சோம்பல். நடத்திக்கொண்டு போக நேரமில்லை. அது மலம் கழிப்பது நம்ம வாசலில் வேண்டாம், வேறு யார் வாசலிலாவது ஆகட்டும். இதற்கு அன்பு என்று பெயர் வைத்துக்கொள்கிறோம்.

வாசலுக்கு வரும் வேள்வி

இல்லறத்தானுக்கு ஐந்து வேள்விகள் சொன்னார்கள். அதில் பூத வேள்வி என்பது மற்ற உயிர்களுக்கு உணவிடுவது. நாய், காக்கை எல்லாம் அதில் வரும். மனித வேள்வி என்பது வீட்டுக்கு வருபவரை உபசரிப்பது. ஒன்றைச் செய்து இன்னொன்றைக் கெடுத்தால் கணக்கு சரியாகுமா? தபால்காரர், தண்ணீர் மீட்டர் பார்ப்பவர், பார்சல் கொண்டு வருபவர், வெள்ளிக்கிழமை பூத்தட்டோடு கோயிலுக்கு நடந்து போகிற பாட்டி எல்லாரும் நம்ம வாசல் வழியாகத்தான் போகிறார்கள்.

பக்கத்து வீட்டு மக்சிக்கையும் நினைத்துப் பாருங்கள். அவர்கள் சமய விதிப்படி நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். நம்ம நாய் அவர் வாசல் செருப்பை நக்கிவிட்டு ஓடி வந்துவிடும். அவர் சுராவுக்குப் புறப்படும் நேரத்தில் அந்த வேலையை முதலில் செய்ய வேண்டும். அந்த விதி நமக்கு இல்லை. ஆனால் குளித்து, திருநீறு பூசிக் கோயிலுக்குப் புறப்படும்போது யாராவது நம்ம மேல் அழுக்குத் தண்ணீர் தெளித்தால் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். அடுத்தவருக்குத் துன்பம் செய்யாமை பற்றித் திருவள்ளுவர் தனி அதிகாரமே வைத்தார்; அது 32ஆவது அதிகாரம். மத வேறுபாடு பார்த்து அதைக் கடைப்பிடிக்கச் சொல்லவில்லை.

நோயும் இருக்கிறது. ரேபீஸ் எங்கோ வெளிநாட்டு விஷயம் என்று நினைக்காதீர்கள். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் தலைகாட்டியது. 2017இல் சரவாக்கில் தொடங்கியது; அங்கே இதுவரை 50க்கும் மேற்பட்டவர்கள் இறந்திருக்கிறார்கள். அறிகுறி வந்த பிறகு பிழைப்பது மிக மிக அரிது. மனிதனுக்கு ரேபீஸ் வருவதில் 99 விழுக்காடு வரை நாய் மூலமாகத்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாய் கடித்தால், அது தெரிந்த வீட்டு நாயாக இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். உடனே கிளினிக்குக்குப் போங்கள். மஞ்சள் பூசிவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

நாயின் பக்கம் பார்த்தாலும் நஷ்டம்தான். கழுத்தில் பட்டை இல்லாமல் திரிந்தால் நகராண்மைக் கழக வண்டிக்கு எல்லா நாயும் தெரு நாய்தான். பிடித்துப் போன பிறகு சில நாள்தான் அவகாசம். யாரும் தேடி வராத நாய்க்கு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். கருத்தடை செய்யாத பெண் நாய் சுற்றிவிட்டு வந்தால் ஏறக்குறைய 63 நாளில் குட்டி போடும். அந்தக் குட்டிகளை யாரோ ஒருவர் அட்டைப் பெட்டியில் போட்டுக் கோயில் பின்வாசலில் வைத்துவிட்டுப் போவார். நாம் எல்லாரும் அந்தப் பெட்டியைப் பார்த்திருக்கிறோம்.

என்ன செய்யலாம்?

முதலில் பதிவு. நகராண்மைக் கழகத்தில் நாய்க்கு உரிமம் எடுங்கள். பல இடங்களில் ஆண்டுக்கு 10 வெள்ளிதான். இரண்டு பபுள் டீ காசு கூட ஆகாது. கழுத்துப்பட்டையில் உங்கள் ஃபோன் நம்பர் இருக்கட்டும். முடிந்தால் மைக்ரோசிப் போடுங்கள். அரிசி மணி அளவுதான் இருக்கும், பேட்டரி கிடையாது. ஸ்கேனர் பக்கத்தில் வந்தால் 15 இலக்க எண்ணைச் சொல்லும். ஆனால் அது ஜிபிஎஸ் இல்லை. நாய் எங்கே இருக்கிறது என்று காட்டாது. அதை நம்பி அவிழ்த்து விடக்கூடாது.

இரண்டாவது, தடுப்பூசியும் கருத்தடையும். இரண்டையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

மூன்றாவது, கேட். ஆட்டோ கேட் மெதுவாக மூடும். கார் வெளியே போகும் அந்தச் சில வினாடியில்தான் பல நாய்கள் நழுவுகின்றன. காரை எடுக்கும் முன் நாயை வீட்டுக்குள் விடுங்கள், அல்லது உள்ளே ஒரு சின்னத் தடுப்புக் கம்பி போடுங்கள். கேட்டுக்கு அடியில் இடைவெளி இருந்தால் அடைத்துவிடுங்கள்.

நான்காவது, நடை. காலையில் இருபது நிமிடம், சாயங்காலம் இருபது நிமிடம். கையில் கயிறு, பாக்கெட்டில் பிளாஸ்டிக் பை. தனியாக ஜபம் பண்ண நேரமில்லை என்று சொல்கிற நமக்கு இது நல்ல வாய்ப்பு. ஒவ்வொரு அடிக்கும் ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டே நடங்கள். நாய்க்குச் சுற்றியது போல ஆகும், உங்களுக்கு வழிபாடு போல ஆகும்.

ஐந்தாவதுதான் கஷ்டமானது. வீட்டில் அவிழ்த்து விடுவது தாத்தாவாகவோ அப்பாவாகவோ இருக்கலாம். அவர்களிடம் சட்டப் பிரிவைக் காட்டிச் சண்டை போடாதீர்கள். "தாத்தா, நீங்க உட்காருங்க, இன்னிக்கு நான் கூட்டிட்டுப் போறேன்" என்று கயிற்றை எடுங்கள். ஒரு வாரம் தொடர்ந்து செய்யுங்கள். இரண்டாவது வாரம் தாத்தாவே, "என்னடா, நாய் காத்துக்கிட்டு இருக்கு, இன்னும் கிளம்பலையா?" என்பார்.

வைரவரை க்ஷேத்திர பாலர் என்கிறோம். பல கோயில்களில் இரவு நடை சாத்தியதும் சாவியை அவர் சந்நிதியில்தான் வைப்பார்கள். காவல் என்றால் ஓர் எல்லை இருக்கிறது, அதற்கு ஒரு பூட்டு இருக்கிறது, சாவிக்கு ஒருவர் பொறுப்பு என்று அர்த்தம். அவருடைய வாகனமும் எங்கேயோ சுற்றிக்கொண்டில்லை. அவர் பக்கத்திலேயே நிற்கிறது. வருகிற தேய்பிறை அஷ்டமிக்கு வைரவருக்கு விளக்கு போடப் போவீர்கள். புறப்படும் முன் நாய்க்குத் தண்ணீர் வைத்துவிட்டு, கேட்டைப் பூட்டிவிட்டுப் போங்கள்.

திருச்சிற்றம்பலம்.